ஆனையைக் கொன்றது யார்?

அன்புள்ள ஐயா,

என் மகள் பாடசாலைத் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகிறாள். ‘ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்’ என்பது தலைப்பு. ‘ஆனைகொன்றான்’ என்ற நம் சொல்தான் அனகொண்டா ஆயிற்று என்று வட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்திருக்கிறாள். கந்தோரில் இதைச் சொன்னபோது சிங்கள நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, “அது எங்கள் ஹெனகந்தயா” என்றார். எது சரி? அமேசன் காட்டுப் பாம்புக்கு இலங்கையிலிருந்து பெயர் போனது எப்படி?

— ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

கந்தோர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நமக்குத் தந்த ஒல்லாந்தரின் நாட்டிலிருந்துதான் இந்தப் பாம்பின் கதையும் தொடங்குகிறது. ஆங்கில இயற்கையியலாளர் ஜோன் ரே 1693இல் இலத்தீனில் வெளியிட்ட விலங்கு நூலில், ஒல்லாந்தின் லெய்டன் நகர அருங்காட்சியகத்துப் பாம்புப் பட்டியலைச் சேர்த்தார். இலங்கையர் ‘அனகண்டையா’ என்று அழைக்கும் பாம்பு, எருமை முதலான கால்நடைகளின் உடலை நொறுக்கும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அப்படி இறுக்கிக் கொல்லும் பெரிய பாம்பு இந்தத் தீவில் ஒன்றுதான் உண்டு. அது மலைப்பாம்பு, நம்மவர் வாயில் வெங்கணாந்தி.

பெயரைப் பிரபலமாக்கியது ஒரு புளுகு. 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகையொன்றில், இலங்கையில் அனகொண்டா ஒரு புலியை எலும்பு நொறுங்க இறுக்கிக் கொன்றதைக் கண்ணால் கண்டதாக ஒருவர் எழுதினார். நம் காடுகளில் புலி ஏது? சிறுத்தையைத்தான் அப்படிச் சொன்னார் என்று விட்டுக்கொடுத்தாலும் மிச்சக் கதை நம்பும்படியாக இல்லை. வாசகர்கள் நம்பினார்கள். பிறகு பிரெஞ்சு விலங்கியல் நூல்கள் அந்தப் பெயரைத் தென்னமெரிக்க நீர்ப்பாம்பின் தலையில் கட்டின. பிரேசில்காரர்கள் அதைச் சுகுரி என்று அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இனி உங்கள் வழக்கு. ஆனைகொன்றான் வட்ஸ்அப்பில் பிறந்த கதை அல்ல. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹொப்சன் ஜொப்சன்’ அகராதியிலேயே அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் பேச்சை வைத்துப் பார்த்தால் இன்னும் பலம் கூடும். நாம் ஒன்றை ஒண்டு என்கிறோம், கன்றைக் கண்டு என்கிறோம், பன்றியைப் பண்டி என்கிறோம். அந்தக் கணக்கில் ஆனைகொன்ற பாம்பு ‘ஆனைகொண்ட’ பாம்பாகத்தானே வரும்? இதைக் கேட்டவுடன் எனக்கும் வாய் ஊறியது.

ஆனால் மிகப் பழைய வடிவம் அனகொண்டா அல்ல, அனகண்டையா. ‘கொ’ அங்கே இல்லை, ‘க’ இருக்கிறது. கடைசியில் நிற்கும் ‘ஐயா’வுக்கும் தமிழில் கணக்குச் சொல்ல முடியாது. சிங்கள ஹெனகந்தயாவில் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. இலத்தீன் எழுத்தில் ‘ந்த’வும் ‘ண்ட’வும் ஒன்றுதான், முதலில் வரும் ‘ஹ’ மட்டும் உதிர்ந்திருக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பட்டியல் எருமையைச் சொல்கிறது, ஆனையைச் சொல்லவில்லை. ஆனையைக் கொன்றவன் என்று பெயர் வைத்துவிட்டு எருமையோடு நிறுத்திக்கொள்ளும் புளுகனை நான் கண்டதில்லை.

உங்கள் நண்பரும் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். ஹென என்றால் இடி, கந்த என்றால் அடிமரம். இடியின் அடிமரம் என்று கம்பீரமாக ஒலித்தாலும், இன்று அந்தப் பெயரோடு இருப்பது விரல் பருமனுள்ள மண்ணிறக் கொடிப்பாம்பு. அது எருமையை நொறுக்குமா? கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தன் நூலில், மானைக் கொம்போடு விழுங்கும் பெரும்பாம்பைப் ‘பிம்பெரா’ என்கிறார். இன்றும் சிங்களத்தில் மலைப்பாம்பு பிம்புராதான்.

ஆகவே என் ஊகம் இது: லெய்டனில் யாரோ கொடிப்பாம்பின் சிங்களப் பெயரை மலைப்பாம்பின் சீட்டில் எழுதிவிட்டார்கள். டொனால்ட் பெர்கியூசன் என்பவரும் ஹெனகந்தயா பக்கம்தான் நின்றார். ஒலி சிங்களத்துடையது, உடம்பு வேறொன்றுடையது. தமிழுக்குப் பங்கு இருந்தால், பிற்காலத்தில் அனகண்டையா அனகொண்டாவாகத் திரிந்தபோது நம் சொல்லின் சாயல் படிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மகளிடம் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றையும் தைரியமாகச் சொல்லச் சொல்லுங்கள். அவை ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொண்டவை. அனகொண்டாவை விட மனமில்லை என்றால், “தமிழிலிருந்து வந்தது என்று சிலர் கருதுகிறார்கள்” என்று சொல்லட்டும். பேச்சைத் திருத்தும் ஆசிரியர் ‘சிலர் கருதுகிறார்கள்’ என்பதை வெட்டினால், பாம்பையும் சேர்த்து வெட்டிவிடச் சொல்லுங்கள்.