எந்தக் கணக்கில் எழுதுகிற காசு?

அன்புள்ள ஐயா,

பெரியகல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கழகத்தில் 12 பேர் கூடைப்பந்து விளையாடுகிறோம். பக்கத்து அரிசி ஆலை முதலாளி ஒருவர், ஆலையின் பெயரை அணிக்கு வைத்தால் 12 ஜேர்சியும் ஒரு பந்தும் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்குள் இரண்டு கட்சியாகிவிட்டது. கம்பனிப் பெயர் வைத்தால் கழகம் அழிந்துவிடும் என்கிறார்கள் சிலர். டெட்ரோயிட் பிஸ்டன்ஸ் அணியும் ஒரு கம்பனியின் அணியாகத்தான் தொடங்கியது என்று வாசித்தேன். உண்மையா? அதே அணி ஒருமுறை 19–18 என்று வென்றதாம். கம்பனிக் காசில் விளையாடினால் இப்படி வெட்கக்கேடாகத்தான் முடியுமா? முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? ஜேர்சிக்கு எந்த நிறம் நல்லது?

க., பெரியகல்லாறு

அன்புள்ள தம்பிக்கு,

வெட்கக்கேடு என்ற சொல்லை முதலில் வாபஸ் வாங்குங்கள். 1950 நவம்பர் 22, மினியாபொலிஸ் நகரம். எதிரணி லேக்கர்ஸ், நடுவில் 6 அடி 10 அங்குல உயரத்தில் ஜோர்ஜ் மைக்கன். சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக 29 போட்டிகளை வென்றிருந்த அணி அது. ஓடி விளையாடினால் தோல்வி நிச்சயம் என்று பிஸ்டன்ஸ்காரருக்குத் தெரியும். அதனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைத் தடுக்கிற விதி அன்று இல்லை. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையது. கடைசிக் காற்பகுதியில் இரண்டு அணிக்கும் சேர்த்து விழுந்தது 4 புள்ளிதான். முடிய ஒருசில வினாடி இருக்கையில் பிஸ்டன்ஸின் லாரி ஃபவுஸ்ட் ஒரு கூடை போட்டார், ஆட்டம் முடிந்தது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்குக் கோபம் வந்திருக்கும்தான். ஆனால் தன்னைவிட உயரமானவனை வெல்லப் பார்த்துப்பார்த்துச் செய்த வேலைக்கு வெட்கம் எதற்கு? அதற்கும் கம்பனிக் காசுக்கும் என்ன சம்பந்தம்?

இன்று அப்படி நிற்க ஏலாது. 1954இல் சிரக்கியூஸ் அணியின் சொந்தக்காரர் டானி பியசோன் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார். 48 நிமிடம் என்றால் 2,880 வினாடி. நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 தடவை கூடைக்கு எறியும். வகுத்தால் 24. பந்து கிடைத்த அணி 24 வினாடிக்குள் கூடைக்கு எறியவேண்டும் என்று விதி வந்தது. அந்த விதி வந்த முதல் பருவத்திலேயே, 1955 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பிஸ்டன்ஸ் அதே சிரக்கியூஸிடம் 92–91 என்று தோற்றது. அது போகட்டும்.

நீங்கள் கேட்டது கம்பனியைப் பற்றி. உங்கள் இரண்டு கட்சியும் "கம்பனி" என்று ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறது. கம்பனிக்குள் காசு பல கணக்குகளில் ஓடும். அணிக்குத் தருகிற காசை முதலாளி எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்று உங்களில் ஒருவராவது கேட்டாரா? கேட்டிருக்கமாட்டீர்கள்.

அமெரிக்காவில் 1937இல் என்.பி.எல். என்ற கூடைப்பந்து லீக்கைத் தொடங்கியதில் ஜெனரல் எலெக்ட்ரிக், ஃபயர்ஸ்டோன், குட்இயர் மூன்றுக்கும் பங்கு இருந்தது. பின்னவை இரண்டும் அக்ரன் நகரத்து டயர்க் கம்பனிகள். ஃபயர்ஸ்டோன் அணிக்குப் பெயரே நொன்-ஸ்கிட்ஸ், அதாவது வழுக்காத டயர். 1938இல் குட்இயரும், 1939இலும் 1940இலும் ஃபயர்ஸ்டோனும் கிண்ணம் எடுத்தன. இது ஊழியர் கணக்கு: பகலில் கம்பனி வேலை, மாலையில் கம்பனி அணி. 1942க்குள் இரண்டும் லீக்கை விட்டுப் போய்விட்டன. ஆனால் இந்தக் கணக்கில் விளையாட்டுக்காரனுக்கு ஒரு தொழில் மிஞ்சும். பிலிப்ஸ் 66 என்ற எண்ணெய்க் கம்பனியின் அணியைப் பாருங்கள். 7 அடி உயரமுள்ள பொப் கேர்லண்ட் தொழில்முறை லீக்குகளுக்குப் போகாமல் அந்தக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். விளையாட்டை விட்ட பிறகும் அதே கம்பனியில் உயர்ந்த பதவி வரைக்கும் போனார். நம் நாட்டில் கொழும்பின் வர்த்தக நிறுவனப் போட்டிகளும், படைகளும் பொலிசும் வைத்திருக்கிற அணிகளும் இந்த வழிதான்.

பிஸ்டன்ஸ் அந்த வழியில் தொடங்கி வேறு வழியில் போன அணி. ஆம், நீங்கள் வாசித்தது உண்மை. உங்கள் ஊர் வயலில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுகிறதே, அந்தப் பிஸ்டன்தான். இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரில் ஃப்ரெட் சோல்னரின் ஆலை அதை வார்த்து விற்றது. ஆலை அணி 1941இல் என்.பி.எல். லீக்குக்குள் வந்தது, 1944இலும் 1945இலும் அதன் கிண்ணத்தை எடுத்தது, 1944 முதல் 1946 வரை சிக்காகோ உலகத் தொழில்முறைப் போட்டியை மூன்று வருடமும் வென்றது. 1948இல் பி.ஏ.ஏ. என்ற லீக்குக்கு மாறியபோது அணியின் பெயரிலிருந்து 'சோல்னர்' போய்விட்டது. பிஸ்டன் மட்டும் மிஞ்சியது. அடுத்த வருடம் இரண்டு லீக்கும் சேர்ந்து என்.பி.ஏ. ஆனது. மற்ற அணிகள் ரயிலில் இரவெல்லாம் ஆடி அலைந்துகொண்டிருந்த காலத்தில் சோல்னர் தன் பிள்ளைகளுக்கு டிசி-3 விமானம் வாங்கி விட்டார். லாபம் பார்க்கிறவன் செய்கிற காரியமா அது? ஒரு மனிதனின் ஆசைக் கணக்கு.

ஆசைக் கணக்கில் ஊருக்குக் கையெழுத்து இல்லை. ஃபோர்ட் வெய்னில் அணி சோல்னருடையது, ஆனால் பெரிய அரங்கம் அவருடையதல்ல. 1955 இறுதித் தொடர் நடந்த நாட்களில் அந்த அரங்கத்தை ஒரு பௌலிங் போட்டிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அணியின் சொந்த ஊர் ஆட்டங்கள் இந்தியானாபொலிசுக்குப் போயின. அங்கே நடந்த மூன்றையும் பிஸ்டன்ஸ் வென்றது, பார்த்ததோ அடுத்த நகரம். 1957இல் சோல்னர் அணியையே டெட்ரோயிட்டுக்குக் கொண்டுபோனார். கார் செய்கிற நகரம், பெரிய சந்தை, பிஸ்டன் என்ற பெயரும் பொருந்தியது. 1974இல் 81 இலட்சம் டொலருக்கு அணியை விற்றார். ஃபோர்ட் வெய்ன்காரரிடம் எவரும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

விளம்பரக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸ் போங்கள். 1975இல் தொடங்கிய பி.பி.ஏ. லீக்கில் அணிக்கு ஊரே கிடையாது, கம்பனிதான். பழைய கம்பனிகளில் இன்றுவரை நிற்பது சான் மிகேல் ஒன்றுதான். அந்த ஒரே அணி ஒரு காலம் ரோயல் ட்ரூ-ஒரேஞ்ச், ஒரு காலம் கோல்ட் ஈகிள், ஒரு காலம் மக்னோலியா, ஒரு காலம் பெட்ரோன். எந்தச் சாமான் விற்கவேண்டுமோ அந்தப் பெயர். உங்கள் மில்லுக்காரரும் இந்த வருடம் சம்பா என்பார், அடுத்த வருடம் நாட்டரிசி என்பார். அந்த லீக்கில் நாட்டையே இரண்டாகப் பிரித்த எதிரிகள் கிறிஸ்பாவும் டொயோட்டாவும். ஒன்று துணிக் கம்பனி, மற்றது கார்க் கம்பனி. 1984 முடிவதற்குள் இரண்டும் வெளியேறிவிட்டன. விளம்பரக் கணக்கில்தான் எப்போதும் முதலில் கத்தி விழும்.

உங்கள் 12 ஜேர்சி இந்தக் கடைசிக் கணக்கு. அது பாவமில்லை. ஆனால் ஜேர்சிக்காகக் கழகத்தின் பெயரைத் தூக்கிக் கொடுக்க நினைத்தீர்களே, அதற்குத்தான் திட்டுகிறேன். ஒரு பருவம் சீமெந்துத் தரையில் உருண்டால் ஜேர்சி முடிந்தது. மட்டக்களப்பில் இந்த விளையாட்டை ஊன்றியவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். லூசியானாவில் பிறந்த ஹெபர்ட் அடிகள் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பயிற்றினார். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவரோடு இந்த விளையாட்டு போகவில்லை. தளமும் கூடையும் பள்ளிக்கூடங்களில் நின்றன, பழகினவர்கள் பிறகு வந்தவர்களைப் பழக்கினார்கள்.

ஆகவே முதலாளியிடம் நிலத்தில் நிற்கிற சாமானைக் கேளுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர் உங்களுடையது. உப்புக்காற்றில் முதலில் இறுகுவது வளையத்தைப் பலகையோடு பூட்டுகிற போல்ட். அதனால் வளையத்துக்கு கல்வனைஸ் பூச்சும், போல்ட்டுக்குத் துருப்பிடிக்காத உருக்கும் கேளுங்கள். போல்ட்டைப் பூட்டும்போதே கிறீஸ் தடவுங்கள். வளையத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 3.05 மீற்றர். சின்னப் பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் தாழ்ந்துவிடும், ஆகவே மாதம் ஒருக்கால் நாடா பிடித்து அளவுங்கள். தாழ்ந்த கூடையில் பழகினவனுக்கு வெளியூரில் பந்து முன்விளிம்பில் அடிக்கும், அவன் தன் கையைக் குறை சொல்வான். பந்து ஒன்று போதாது. 12 பேருக்கு 4 பந்தாவது இருந்தால்தான் பயிற்சி, இல்லாவிட்டால் வரிசையில் நிற்பது.

பெயரைப் பலகைத் தூணிலும் சுற்றுமதிலிலும் எழுதட்டும், அணி கழகத்தின் பெயரிலேயே இருக்கட்டும். சாமான்களைக் கழகத்தின் பொருட்பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 3 வருடத்துக்குக் கேளுங்கள். நிறுத்துவதானால் ஒரு பருவம் முன்னதாகச் சொல்லவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். மாசி, பங்குனியில் அந்த மனிதனிடம் போகவேண்டாம். பெரும்போக அறுவடை, கையிலுள்ள காசெல்லாம் நெல்லுக்குப் போயிருக்கும். உங்களில் இரண்டு பேருக்கு ஆலையில் வேலை தருவதாகச் சொன்னால் ஜேர்சியை மறந்து அதைப் பிடியுங்கள், ஆனால் மாலை 5 மணிக்கு விடுவாரா என்று முன்னமே கேளுங்கள். மழை விட்டுத் தளம் காய்கிற அதே மாதங்களில்தான் மில்லிலும் இரவு வேலை நடக்கும்.

நிறம் கேட்டிருந்தீர்கள். ஒரு நிறம் காணாது. விதிப்படி நிரலில் முதலில் பெயருள்ள அணி வெளிர் நிறமும் மற்ற அணி கடும் நிறமும் போடவேண்டும். ஆகவே 12 பேருக்கு 24 ஜேர்சி. முதுகிலும் நெஞ்சிலும் தெளிவாகத் தெரிகிற இலக்கம் வேண்டும். முதலாளியின் பெயர் எங்கே வந்தாலும் இலக்கத்திலிருந்து தள்ளித்தான் வரலாம். தையற்காரரிடம் கொடுக்குமுன் இதை அவருக்கும் முதலாளிக்கும் சொல்லிவிடுங்கள்.