மொட்டைக் கோபுரமும் மரக் கிரேனும்

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் என் மகள், கொலோன் நகரத்துப் பழைய பொருள் சந்தையில் ஒரு தடித்த அட்டை வாங்கி வந்தாள். அந்த ஊர்ப் பேராலயத்தின் படம் பக்கத்து பக்கத்தில் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறது. கோபுரம் மொட்டையாக நிற்க, அதன் உச்சியில் கொக்கு மூக்கு மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் இரண்டு படம்? எந்தக் காலத்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் ஒரே படம் இல்லை அம்மா. முன்னால் இருக்கும் வீட்டின் கூரை நுனி, பின்னால் உள்ள கோபுரத்தில் எந்த இடத்தில் படுகிறது என்று இரண்டிலும் பாருங்கள். ஒரு நூலளவாவது தள்ளியிருக்கும். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியில் வைத்தால் மூளை இரண்டையும் ஒன்றாக்கி ஆழத்தைக் காட்டிவிடும். இதை 1838-இல் விளக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன். லென்ஸ் பொருத்திய கையடக்கப் பெட்டியாக மாற்றியவர் டேவிட் புரூஸ்டர். 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா மகாராணிக்கு அது பிடித்துப்போக, வீட்டுக்கு வீடு பரவியது.

காலத்தை அந்தக் கொக்கு மூக்கே சொல்லிவிடும். அது மரத்தாலான கிரேன். 1248-இல் தொடங்கிய பேராலய வேலை, 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. கல் தூக்கிய கிரேன் மட்டும் தெற்குக் கோபுரத்தின் மேலேயே தங்கிவிட்டது, ஏறக்குறைய நானூறு வருஷம்! 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி வேலை தொடங்கி, 1868-இல் அதை இறக்கினார்கள். கோபுரங்கள் 157 மீட்டர் உயர்ந்து முடிந்தது 1880-இல். ஆக, அட்டை எப்போது விற்கப்பட்டிருந்தாலும் படம் எடுத்தது 1868-க்கு முன்னால்தான். கொடுத்துவைத்தவர் நீங்கள்.

நான் முதலில் ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தது பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்தின் மேல்தளம். கன்னத்தில் கைவைத்த அந்தக் கல் பூதம் என் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஊரே பள்ளத்தில் இறங்கிப் போனது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

கருவி இல்லையா? சரி, அட்டையை செல்போனில் படம் எடுத்து, இரண்டு படங்களின் நடுப்புள்ளிகளும் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் வரும்படி சிறிதாக்குங்கள். நடுவில் ஒரு அஞ்சலட்டையை நிறுத்தி, அதன் விளிம்பில் மூக்கை வைத்து, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோலப் பாருங்கள். முதலில் கலங்கும். அவசரப்படாதீர்கள், கொஞ்ச நேரத்தில் கிரேன் தனியாக எழுந்து வரும்.

அப்புறம் ஒன்று: அட்டையை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டிலும் பசையிலும் படம் பாழாகிவிடும்.