பாலாற்றங்கரைத் தூண்டில்: கேட்டதும் சொன்னதும்

ஏரிகள் நிரம்பி உபரித் தண்ணீர் கோடி போகத் தொடங்கினால் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டும் வந்து குவிந்திருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தூண்டிலோடு கரையில் குந்தியிருப்பவன் என்பதுதான் என் தகுதி. தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: பாலாற்றில் மணல் அள்ளிய குழிகள் தண்ணீர் வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

காட்பாடி வாசகர்: ஐயா, புதிதாகத் தொடங்கப் போகிறேன். கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. எந்தக் கம்பு, எந்த ரீல் வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள் தம்பி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு ஏரிக்கரையில் போய் உட்காருங்கள். மதகு எங்கே, ஆழம் எங்கே, கொக்கு எங்கே நிற்கிறது, குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். மூன்றாம் வாரம் ஒரு மூங்கில் கழி, அதே நீளத்துக்குத் தங்கூசி (நைலான்) நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, பத்தாம் எண் தூண்டில் முள், மண்புழு. ஜிலேபி மீனும் கெண்டையும் வரும். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். 1/0, 2/0 என்று போனால்தான் பெரிதாகும். இது தெரியாமல் இருபதாம் எண் வாங்கி வந்து, "கொசுவுக்கா?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஏழடி நடுத்தரக் கம்பும் 3000 அளவு ஸ்பின்னிங் ரீலும் போதும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். நகரத்துக் கடை ஒன்றில் "ஜப்பான் சரக்கு" என்று சொல்லி எனக்கு ஒரு ரீல் விற்றார்கள். முதல் விரால் இழுத்ததும் கைப்பிடி மட்டும் என் கையில் மிஞ்சியது.

குடியாத்தம் வாசகர்: ரப்பர் தவளை போட்டு விரால் முயல்கிறேன். 'டப்' என்று அடிக்கிறது, இழுத்தால் வெறும் தவளைதான் வருகிறது. மூன்று வாரமாக இதே கதை.

நல்ல கேள்வி. உங்கள் கை அவசரப்படுகிறது. சத்தம் கேட்டதும் கம்பைத் தூக்குகிறீர்கள். அப்போது தவளை இன்னும் விராலின் வாய்க்குள் முழுதாகப் போயிருக்காது. சத்தத்தை நம்பாதீர்கள், கனத்தை நம்புங்கள். அடித்தவுடன் கம்பின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள். நரம்பு நகர்ந்து கனம் தெரிந்த பிறகு இரண்டு கையாலும் பலமாக அடித்துத் தூக்குங்கள். தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே மென்மை பார்த்தால் மீன் வேருக்குள் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் இந்த வேலைக்குச் சாதா நரம்பு ஆகாது. நீட்சி இல்லாத பின்னல் நூல் வேண்டும்.

இன்னொன்று. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது; காற்றைக் குடிக்க அது மேலே வந்தே ஆக வேண்டும். மேலே வந்த இடத்திலேயே போடாதீர்கள். அதைத் தாண்டி நான்கைந்து அடி தள்ளி வீசி, இழுத்து, நிறுத்தி, இழுத்து, நிறுத்தி அந்த இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பாதி நேரம் நிறுத்தும்போதுதான் மீன் அடிக்கும்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்தும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, விட்டுவிடுங்கள். பெருந்தவளை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987இல் நிறுத்திவிட்டார்கள்.

என் இரண்டாவது பல்லவி இது: செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் கொப்பளித்தால் அங்கே தூண்டில் போடக் கூடாது. கீழே காவல் மீன் நிற்கிறது. அது பசியில் கடிக்காது, கோபத்தில் கடிக்கும். அதனால்தான் அது சுலபமாக மாட்டும். அதைத் தூக்கினால் அன்று மாலைக்குள் ஜிலேபி அத்தனை குஞ்சுகளையும் தின்றுவிடும். அப்படிப் பிடித்த படத்தை எனக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

வேலூர் வாசகர்: கோட்டை அகழியில் போடலாமா?

கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

ஆம்பூர் வாசகர்: சார், பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். வெள்ளம் வந்த பத்தாம் நாள் பையன்கள் படி படியாக மீன் அள்ளுகிறார்கள். மீன் எங்கிருந்து வருகிறது?

ஏரியிலிருந்து. பாலாற்றைத் தனி ஆறாக நினைக்காதீர்கள், நூற்றுக்கணக்கான ஏரிகளோடு கோத்த சரடு அது. வாலாஜாபேட்டைப் பக்கத்து அணைக்கட்டிலிருந்து கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி நிரம்பினால் அடுத்த ஏரி, அதுவும் நிரம்பினால் அடுத்தது. குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை நிரம்பினால் கவுண்டன்யா ஆற்றின் வழியாகப் பாலாற்றுக்கு. 2021 நவம்பர் வெள்ளத்தில் பார்த்தோமே, ஏரி எது, ஆறு எது என்று தெரியவில்லை. ஏரியில் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகள் கோடியில் வழிந்து ஆற்றுக்கு வரும். கெளுத்தியும் கெண்டையும் புதுத் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். மிச்சம் இருக்கவே இருக்கிறது: வற்றாத மடுக்களில் பிழைத்துக் கிடந்தவை, ஈரச் சேற்றில் காற்றைக் குடித்துக்கொண்டு புதைந்திருந்த விரால்கள்.

அரக்கோணம் வாசகர்: இதை மறுக்கிறேன். மழையோடு மீன் விழுந்ததை என் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார். வீட்டு வாசலில் துள்ளியதாம்.

வாசலில் துள்ளியதை நம்புகிறேன். பனையேறிக் கெண்டை என்று ஒரு மீன் உண்டு. செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்து போகும். பெருமழை இரவில் வயலைக் கடந்து அடுத்த குட்டைக்குப் புறப்படும். விடிந்து கதவைத் திறப்பவருக்கு வாசலில் மீன்.

சோளிங்கர் வாசகர்: இரண்டு பேரும் தவறு. மீன் முட்டை மணலில் பல ஆண்டு காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அப்படிச் சில சிறு மீன்கள் உண்டு; முட்டை காய்ந்த சேற்றில் காத்திருக்கும். நம் கெண்டை, விரால் முட்டைகள் ஒரு மதிய வெயிலைக்கூடத் தாங்காது. மழைக்குட்டையில் திடீரென்று தோன்றும் இறால் மாதிரியான பூச்சி ஒன்று இருக்கிறது. அதன் முட்டைதான் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உங்கள் ஆசிரியர் அதைச் சொல்லியிருப்பார்.

அரக்கோணம் வாசகர்: அப்படியானால் என் தாத்தா பொய் சொன்னார் என்கிறீர்களா?

இல்லை ஐயா. சூறைக்காற்று நீரோடு மீனைத் தூக்கி வேறிடத்தில் போடுவதும் உலகில் நடந்திருக்கிறது. அரக்கோணத்தில் அன்று எது நடந்தது என்று நானும் நீங்களும் இங்கே உட்கார்ந்து தீர்க்க முடியாது. தாத்தா அந்த மீனைக் குழம்பு வைத்தாரா என்பதைச் சொல்லுங்கள்.

அரக்கோணம் வாசகர்: வைத்தார்.

அப்படியென்றால் வழக்கு முடிந்தது. (இதற்குப் பிறகு இதே பொருளில் பதினொரு கேள்விகள் வந்தன. திருப்பதி மலை, ஆலங்கட்டி, ஒருவருடைய மாமியார் என்று எங்கெங்கோ போய்விட்டது. விட்டுவிட்டேன்.)

பேரணாம்பட்டு வாசகர்: புதியவன் ஐயா. எந்த ராடு நல்லது?

முதல் பதிலைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: இங்கே ஆற்றில் பிடித்ததைச் சாப்பிடலாமா?

நான் சாப்பிடுவதில்லை. தோல் பதனிடும் கழிவு இந்த ஆற்றுக்குச் செய்ததைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. அந்தக் கழிவில் உள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாது, மஞ்சளும் மிளகாயும் அதை முறிக்காது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்களை ஒட்டிய பகுதியில் பிடித்தால் பார்த்துவிட்டுத் திருப்பி விடுங்கள். குழம்புக்கு மழைநீர் ஏரிக்குப் போங்கள். போகும் முன் மீன்பாசி குத்தகை (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரைக் கேளுங்கள். குஞ்சு விட்டவர் அவர். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். கேட்காமல் போட்டால் கம்பை ஒடிப்பார். இரண்டும் நியாயம்தான்.

திருவலம் வாசகர்: வெளிநாட்டில் இரையை முள்ளில் குத்தாமல் தொங்கவிட்டுக் கெண்டை பிடிக்கிறார்களே, நம் ரோகுவுக்குச் சரிப்படுமா?

சரிப்படும். மூன்று ஆண்டுகளாக நான் செய்கிறேன். ரோகு இரையை உறிஞ்சும், உறுத்தினால் துப்பும். முள்ளில் குத்திய உருண்டையை அது துப்புவதைத்தான் நாம் "கொத்திவிட்டுப் போய்விட்டது" என்கிறோம். இந்த முறையில் முள் வெறுமையாக இருக்கும். அதன் காம்பிலிருந்து ஒரு விரற்கடை நூலில் வேகவைத்த கொண்டைக்கடலை தொங்கும். உறிஞ்சும்போது முள்ளும் கூடவே உள்ளே போகும். துப்பும்போது கடலை வெளியே வரும், முள் கீழுதட்டில் ஏறிவிடும். அறுபது எழுபது கிராம் ஈயம் கட்டியிருந்தால் மீன் திரும்பி ஓடும்போது தானாகவே குத்திக்கொள்ளும். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் வறுத்துப் பிசைந்து முதல் நாள் மாலையே அங்கே போட்டு வையுங்கள்.

கட்லாவுக்கு இது உதவாது. அதன் வாய் மேல்நோக்கித் திறப்பது, மேல்தண்ணீரில் மேய்வது. ரோகு நடுத்தண்ணீர், மிர்கால் தரை. மூன்றையும் ஒரே குளத்தில் வளர்ப்பதே இதனால்தான். கட்லாவுக்குத் தக்கை கட்டி, இரையைத் தரைக்கு மேலே நிறுத்துங்கள்.

கம்பை நட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்கி நிற்காதீர்கள். குழி! 2021 டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றவன் ஓர் அடி எடுத்து வைத்தேன், அடுத்த அடி இல்லை. தம்பி மகன் மூங்கில் கழியை நீட்டியதால் இதை எழுதுகிறேன். முந்தைய ஆண்டு நின்ற அதே இடம் அது.

காட்பாடி வாசகி: தெங்காரா என்ற ஜப்பானியத் தூண்டில் வாங்கியிருக்கிறேன் அண்ணா. ரீலே கிடையாது. ஜவ்வாது மலை ஓடைகளில் முயலலாமா?

ரீல் இல்லாத நீளக் கழி, நுனியில் கட்டிய நரம்பு. அம்மா, அது உங்கள் பாட்டன் கழி, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது! கிண்டல் இல்லை, அருமையான கருவி. இறகில் கட்டிய பூச்சியை ஓட்டத்தில் மிதக்கவிடுவார்கள். நம் சிறு கெண்டைகள் மாலை வெளிச்சத்தில் அதைத் துள்ளிக் கடிக்கும். காப்புக்காட்டு ஓடைகள் வேண்டாம், வனத்துறை பிடிக்கும். ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் போதும். கழி கார்பனாக இருந்தால் மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்தாதீர்கள், இடி இடித்தால் கீழே போட்டுவிட்டு நகருங்கள். மின்சாரம் அதில் ஓடும்.

ஆற்காடு வாசகர்: ராடு...

முதல் பதில்.

வாலாஜாபேட்டை வாசகர்: கடலில் போட ஆசை. எங்கே தொடங்குவது?

நம் ஆறு போகும் இடத்துக்கே போங்கள். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் அருகே பாலாறு கடலில் சேர்கிறது. அணுமின் நிலைய எல்லைப் பக்கம் மட்டும் கம்போடு திரியாதீர்கள். முதலில் கிழங்கான் பிடியுங்கள்: சிறு முள், உரித்த இறால் துண்டு, கரையிலிருந்து இருபது முப்பது அடிக்குள். புதியவர்கள் எல்லோரும் பலம் கொண்ட மட்டும் வீசி மீனைத் தாண்டிப் போட்டுவிடுகிறார்கள். அலை உடையாமல் கருமையாகத் தெரியும் பட்டையில் ஆழம் இருக்கிறது, மீனும் இருக்கிறது. ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டமும் அங்கேதான். தூண்டில் அங்கே போகட்டும், நீங்கள் போக வேண்டாம்.

முகத்துவாரம் திறந்திருந்தால் கொடுவா. நீர் வற்றும் நேரத்தில் உப்பங்கழியிலிருந்து பொடிமீன் வெளியேறும், அது வாசலில் காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் பலமாக இருக்கும். கொடுவா ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியது மாட்டினால் அது முட்டையிடும் பெண். படம் எடுத்துவிட்டு விடுங்கள்.

கெளுத்தி முள்ளோ திருக்கை வாலோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்துக் காயத்தை அரை மணிக்கு மேல் முக்குங்கள். அந்த நஞ்சு வெப்பத்தில் முறியும். அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். உருண்டையாக ஊதும் பேத்தை வந்தால் கறிக்கு ஆசைப்படாதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. கரைத் தூண்டிலை அது தொடாது.

ஆரணி வாசகர்: தொட்டியில் வளர்க்கும் கண்ணாடித் துடைப்பான் மீன் பெரிதாகிவிட்டது. ஏரியில் விடலாமா?

தொட்டி மீன் என் துறை அல்ல, ஆனால் ஏரி என் துறை. விடாதீர்கள். 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்த ஜிலேபி இன்று எந்த ஏரியில் இல்லை, சொல்லுங்கள். மீன் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வேலூர் வாசகர்: விரால் குழம்புக்குப் புளி எவ்வளவு?

என் வீட்டம்மாவைக் கேளுங்கள். எனக்கும் சொல்லமாட்டார்.

குடியாத்தம் வாசகர்: கனம் தெரியும் வரை காத்திருந்தேன் ஐயா. இன்று காலை ஒன்று ஏறியது, முக்கால் கிலோ! நாளை நீங்கள் எங்கே போகிறீர்கள்? நானும் வரட்டுமா?

வாருங்கள். ஐந்து மணிக்குக் காட்பாடி ரயில் நிலைய வாசலில் நில்லுங்கள். ஏரியின் பெயரை அங்கே சொல்கிறேன், இங்கே சொன்னால் விடிவதற்குள் நாற்பது கம்பு நிற்கும். ராடு கேட்டவர்கள் எல்லோரும் இதைப் படிக்கிறார்கள்.