தம்பலகாமத்துத் தென்னங்காணியில் வனிலா வைக்கலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் அரை ஏக்கர் தென்னங்காணியும் கிணறும் இருக்கின்றன. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், வளவை நான்தான் பார்க்கிறேன். வனிலாவுக்கு நல்ல விலை என்று சொல்லி ஒருவர் கொடித்துண்டு விற்க வருகிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: தங்கச்சி, அரை ஏக்கருக்கும் வாங்க வேண்டாம். கிணற்றடியில் பத்துக் கொடி வைத்துப் பாருங்கள், அதுவே போதும்.

வனிலா நம் நாட்டில் செழிப்பது கண்டி, மாத்தளைப் பக்கத்து ஈரத்தில். நமக்கு மாரி மழை தை மாதத்தோடு ஓய்ந்துவிடும், வைகாசியில் வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிடும். இந்தக் கொடியின் வேரோ ஆழம் போகாமல் மேலே கிடக்கிற சருகுக்குள்தான் ஓடும். பூ வர ஓரிரு மாத வறட்சி தேவைதான். ஆனால் கச்சானில் கொடி சுருங்கினால் பூவுமில்லை, கொடியுமில்லை.

தென்னை நிழல் மட்டும் காணாது. முதலில் நிழலுக்கும் கொடி படரவும் கிளிசரியா மரம் நட்டு, அது தழைத்தபின் கொடியை ஏற்றுங்கள். அடியில் இலைகுழையைத் தடிப்பாகப் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கொடி கைக்கெட்டாத உயரம் போனால் வளைத்துக் கீழே விடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பூவையும் நீங்களே தொட்டு மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். பூ விடியலில் விரிந்து அன்றே வாடிவிடும். ஓர் ஈர்க்கால் நடுவிலுள்ள மெல்லிய மடலை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் சூலகமுடியில் மெல்ல அழுத்த வேண்டும். 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்ட வழி இது, இன்றும் இதுதான். ஒரு குலையில் எட்டுப் பத்துப் பூவோடு நிறுத்துங்கள், மிஞ்சினால் கொடி களைத்துவிடும்.

காசுக்கணக்கும் சொல்கிறேன். நட்டு மூன்றாம் வருடமளவில் பூ, பிறகு காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். முற்றிய காயைச் சுடுநீரில் முக்கி, போர்த்து வியர்க்கவிட்டு, வெயில் காட்டிப் பதப்படுத்த இன்னும் சில மாதம். ஏறக்குறைய ஆறு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோதான் தேறும். விலையும் நிலையில்லாதது. வனிலா அதிகம் விளையும் மடகஸ்கார் தீவில் அடித்த சூறாவளிக்குப்பின் 2003 அளவில் கிலோ 500 டொலர்வரை ஏறியது, 2005இல் 50 டொலர் அளவுக்கு விழுந்தது. அதை நம்பி நட்ட கேரளக்காரர் பலர் கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள். கொடித்துண்டு விற்றவருக்கு மட்டும் அப்போதும் நட்டமில்லை!

வருகிறவரிடம், காயை வாங்குவது யார், பச்சையாகவா பதப்படுத்தியா என்று கேளுங்கள். துண்டு ஒரு மீற்றர் நீளமாவது இருக்க வேண்டும், கரும்புள்ளி, அழுகல் ஏதும் இருக்கக்கூடாது. பணம் கொடுக்குமுன் ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிட்டுக் காணியைக் காட்டுங்கள்.