முதல் ஆர்.சி. விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் ரிமோட் விமானம் கேட்கிறான். போர் விமானம் மாதிரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

முதல் விமானமாக வேண்டாம். அந்த மாடல்கள் வேகமாகப் போனால்தான் காற்றில் நிற்கும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். புதிதாகப் பழகுகிறவருக்கு யோசிக்க நேரம் வேண்டும். அதைக் கொடுப்பது மெதுவாகப் பறக்கும் ஹை-விங் டிரெய்னர். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், நுனிகள் சற்று உயர்ந்திருக்கும். இந்த அமைப்பால்தான் ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டதும் விமானம் தானாக நிமிரப் பார்க்கிறது.

இறக்கை நீளம் 1 முதல் 1.5 மீட்டர் இருக்கட்டும். அதைவிடச் சின்னது காற்றில் தத்தளிக்கும், தூரம் போனால் கண்ணுக்கும் தெரியாது. ஈ.பி.ஓ. என்ற நெகிழும் ஃபோமில் செய்தது என்றால் உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஹாபிஸோன் ஏரோஸ்கவுட் போல புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் மாடல் எனக்குப் பிடிக்கும். மூக்கு மண்ணில் குத்தினாலும் மோட்டார் தப்பிவிடும். மகனிடம், ஜெட் இரண்டாவதோ மூன்றாவதோ விமானமாக வரும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று சேனலா, நான்கு சேனலா?

இரண்டிலும் பழகலாம். ரிமோட்டால் தனித்தனியாக இயக்கும் ஒவ்வொன்றும் ஒரு சேனல். மூன்று சேனல் என்றால், வாலில் இருந்து விமானத்தைத் திருப்பும் ரட்டரை வலது ஸ்டிக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐலரான் (இறக்கையில் இருக்கும், விமானத்தைச் சாய்க்கும் மடல்) உள்ள நான்கு சேனல் விமானத்துக்கு மாறும்போது கைப்பழக்கம் மாறாது.

கேள்வி: என்னைவிட்டு விலகிப் போகும்போது நன்றாக ஓட்டுகிறேன். திரும்பி என்னை நோக்கி வந்தால் குழம்பிவிடுகிறேன். இரண்டு தடவை விழுந்துவிட்டது.

ஆரம்பத்தில் விழும் விமானங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன, மனம் தளராதீர்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது அதன் வலது உங்களுக்கு இடது. மூளை அதை மாற்றிக் கணக்குப் போடுவதற்குள் தரை வந்துவிடும். எனவே கணக்கே வேண்டாம். எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல.

இது கைக்கு வரும் வரை சிமுலேட்டரில் பழகுங்கள். பிக்காசிம் இலவசமாகவே கிடைக்கிறது. கீபோர்டில் ஓட்டாமல் உங்கள் ரிமோட்டையே (டிரான்ஸ்மிட்டர்) யு.எஸ்.பி. வழியாக இணையுங்கள், விரல்கள் பழக வேண்டியது அதில்தான். அப்புறம் மைதானத்தில் இரண்டு தென்னை உயரத்துக்குக் கீழே வராமல் பெரிய வட்டங்கள் போடுங்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில் பட்டையாகக் கறுப்பு டேப் ஒட்டினால் மேல் எது கீழ் எது என்ற சந்தேகமும் போய்விடும்.

கேள்வி: ஃபோம் போர்டில் நானே செய்தேன். கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கி, நின்று, சுழன்று விழுகிறது. மோட்டார் போதவில்லையா?

மோட்டார் இருக்கட்டும், முதலில் எடை முன்னும் பின்னும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். வால் கனமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். இறக்கையின் அகலம் 20 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். மூக்கு கொஞ்சம் கனமான விமானம் சோம்பலாகப் பறக்கும், வால் கனத்ததை அடக்கவே முடியாது.

கேள்வி: லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் செய்யலாமா?

கூடாது, தீப்பிடிக்கும். அடுத்த பேட்டரியையாவது காப்பாற்றுங்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ். 3.5-க்குக் கீழே இறங்குவதற்குள் தரையிறக்குங்கள். பறக்கவிடாத நாட்களில் 3.8-இல் வையுங்கள். 2200 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரியை 2.2 ஆம்பியரில், பக்கத்தில் இருந்து சார்ஜ் செய்யுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: கோவையில் எங்கே, எப்போது பறக்கவிடலாம்?

பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப் படைத் தளம். அதனால் இடத்தை முடிவு செய்யும் முன் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். 2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாடல்களையும் சேர்த்தே பேசுகின்றன, அதையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் டிரெய்னரை அள்ளிக்கொண்டு போய்விடும். மார்கழி, தை மாதங்களில் காலை 7 மணிக்கு முன்பு தொடங்குவது நல்லது. காற்றுக்கு எதிராகவே ஏற்றி, எதிராகவே இறக்குங்கள். பழகும் வரை காற்று வரும் பக்கத்திலேயே விமானத்தை வைத்திருங்கள். மோட்டார் நின்றாலும் மிதந்து உங்கள் பக்கம் வந்து சேரும்.