மகளைப் பற்றி ஒரு பக்கம், மகனைப் பற்றி ஒரு வரி

கேள்வி: நாங்கள் வீரவநல்லூரில் இருக்கிறோம். மகள் பாளையங்கோட்டையில் கல்லூரி முதலாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறாள். ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது, கூட்டத்தில் ஒருவர் அவள் மேல் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறார். இவள் நகர நகர அவரும் நகர்ந்திருக்கிறார். பயந்துபோய் சேரன்மகாதேவியிலேயே இறங்கி, அடுத்த பஸ் பிடித்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாள். இதை இரண்டு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார். ஹாஸ்டலில் சேர்க்க வசதி இல்லை. வேன் ஏற்பாடு செய்யலாமா, நிறுத்திவிடலாமா என்று தூக்கமில்லாமல் கிடக்கிறேன். பிளஸ் டூ படிக்கிற மகனும் அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில்தான் போகிறான். படியில் தொங்கிக்கொண்டு போவதாகச் சொல்கிறார்கள், ஆம்பளைப் பையன், சமாளித்துக்கொள்வான். மகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள் அக்கா.
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

படிப்பை நிறுத்தவே கூடாது. தப்பு செய்த ஆள் நாளைக்கும் அதே பஸ்ஸில் ஏறுவார், வேலைக்குப் போவார், வருவார். அவருக்கு ஒரு குறையும் வராதபோது, ஒரு தப்பும் செய்யாத பிள்ளை கல்லூரியை இழப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு வாரம்தான். அத்தனை நாளும் அவள் அதே வழியில், அதே பயத்தோடு போய் வந்திருக்கிறாள். வீட்டில் சொன்னால் கல்லூரி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது நிறுத்தினீர்கள் என்றால், இனி என்ன நடந்தாலும் அவள் வாய் திறக்க மாட்டாள். தங்கையோ அத்தை மகளோ இருந்தால் அவர்களும் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள். அதனால் இன்றைக்கே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ சொன்னது நல்லதாப் போச்சு. காலேஜ நிறுத்துத பேச்சே கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். அப்பாவிடமும் மறைக்க வேண்டாம். பிரச்சினையை மட்டும் கொண்டுபோய்ப் போட்டால் அவர் 'நிறுத்து' என்றுதான் சொல்வார். இன்ன பஸ், இன்னாரோடு சேர்ந்து போகிறாள், இப்படி நடந்தால் இப்படிச் செய்வாள் என்று எல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு, மகளையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அவளிடம் ஒன்றை மட்டும் மென்மையாகச் சொல்ல வேண்டும். வழியில் இறங்கியது பதற்றத்தில் செய்தது, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஆளும் பின்னாலேயே இறங்கியிருந்தால்? அத்தனை பேரும் கண்டக்டரும் இருக்கிற பஸ்தான் இருட்டிய நிறுத்தத்தைவிடப் பாதுகாப்பு. இறங்க வேண்டியது அந்த ஆள்.

அதற்குக் குரல் வேண்டும். முதல் தடவை இடித்தவுடனே, பக்கத்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லட்டும். கூட்ட நெரிசலில் தெரியாமல் இடித்தவர் என்றால் உடனே ஒதுங்கிவிடுவார். கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் பார்க்கிற ஆள்தான் வேண்டுமென்றே செய்கிறவர். அவருக்கு இரண்டாவது எச்சரிக்கை வேண்டாம். அப்புறம் கண்டக்டரைப் பார்த்துத்தான் பேச வேண்டும்: "கண்டக்டர் அண்ணாச்சி, இந்த நீலச் சட்டைக்காரர் மேல மேல வந்து இடிக்காரு. இவரைப் பின்னால அனுப்புங்க." சட்டை நிறத்தைச் சொல்வது முக்கியம். 'யாரோ இடிக்கிறாங்க' என்றால் பஸ்ஸில் யாரும் திரும்ப மாட்டார்கள். நீலச் சட்டை என்றால் முன்னால் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவிலிருந்து, பீடி கொடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள் வரை அத்தனை பேர் கண்ணும் அந்த ஆள் மேல் போகும். நம் ஊர்ப் பெண்கள் அதற்கு மேல் சும்மா இருக்க மாட்டார்கள். இதை அடுக்களையில் நின்று, வாய்விட்டு, நாலைந்து தடவை உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்த்தது பஸ்ஸில் வெளியே வராது, தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஊக்கு வைத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. நான் அதைத் தடுக்க மாட்டேன். ஆனால் குத்து வாங்கியவன் எகிறும்போது, பேச்சு 'இந்தப் பிள்ளை குத்திட்டா' என்று அவன் பக்கம் திரும்பிவிடும். குரல் முதலில் எழுந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

கண்டக்டர் உதவுவது அவர் செய்கிற தயவு என்று நினைக்காதீர்கள், அது அவர் கடமை. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. பஸ்ஸில் இப்படி நடந்து, பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால், ஊழியர்கள் பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போய்த் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2022-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, பெண்களிடம் தவறாக நடக்கிற பயணியைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், வழியிலுள்ள ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம் என்றும் சேர்த்தார்கள். நீங்கள் போகிற வழியில் சேரன்மகாதேவியிலும் ஸ்டேஷன் இருக்கிறது, வீரவநல்லூரிலும் இருக்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் பதிவு செய்தாக வேண்டும். எல்லை பார்த்து மாற்றிக்கொள்வது அவர்கள் வேலை. கண்டக்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் 112-க்கு அங்கிருந்தே போன் செய்யலாம். பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை அவள் போனில் ஏற்றிவையுங்கள், அதில் அவசரப் பொத்தான் இருக்கிறது.

மற்றபடி சின்னச் சின்ன ஏற்பாடுகள். அதே பஸ்ஸில் வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்துகொள்ளட்டும். நிற்க வேண்டி வந்தால் பெண்கள் இருக்கைகளை ஒட்டி நிற்கட்டும், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளட்டும். டிக்கெட்டை வீடு வரும்வரை கசக்கிப் போட வேண்டாம். பஸ் எண்ணைப் பார்த்து வைக்கட்டும். நம் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் டிஎன் 72 என்றுதான் தொடங்கும், கடைசி நாலு எண் மனதில் நின்றால் போதும். இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடக்க வேண்டாம். முந்திக்கொண்டு வருகிற வண்டிக்கு இவளும் தெரிய மாட்டாள், இவளுக்கும் அந்த வண்டி தெரியாது. பஸ் கிளம்பிப் போன பிறகு கடக்கட்டும்.

திருநெல்வேலி – செங்கோட்டை ரயில் வீரவநல்லூரில் நிற்கிறதே, கல்லூரி நேரத்துக்கு ஒத்து வந்தால் அதையும் பாருங்கள். பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டப்படி குற்றம். ரயிலில் எந்தத் தொந்தரவுக்கும் 139. வேனைப் பொறுத்தவரை, அளவுக்கு மேல் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு பறக்கிற வேனைவிட பஸ் எவ்வளவோ மேல். மாதா மாதம் அந்தப் பணத்துக்கும் நீங்கள்தானே திண்டாட வேண்டும்?

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. எனக்கு உங்கள் வீட்டில் அதிகப் பயம் அவனை நினைத்துத்தான்.

ஆம்பளைப் பையன் என்பதால் பஸ் சக்கரம் அவனுக்கு விலகிப் போகாது. நம் பஸ்களில் வாசல் இடது பக்கம். வண்டி வலது பக்கம் சட்டென்று திரும்பினால் படியில் நிற்கிறவனை அந்த வேகம் அப்படியே வெளியே தள்ளும். அந்த நேரத்தில் அவனைப் பிடித்து வைத்திருப்பது கம்பியைப் பற்றிய ஒரு கை, அதுவும் வியர்வை ஈரத்தோடு. தோளில் புத்தகப் பை வேறு வெளிப்பக்கம் இழுக்கும். முன்படியிலிருந்து விழுந்தால் பின்சக்கரம், பின்படியிலிருந்து விழுந்தால் பின்னால் வருகிற வண்டி. விழாவிட்டாலும் ரோட்டோரம் நிற்கிற லாரியின் முனை, கரண்டு கம்பம், மரம், இடது பக்கமாகப் புகுந்து வருகிற பைக் எல்லாம் அவன் முதுகுப் பக்கம்தான் வரும். அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதில் சாமர்த்தியத்துக்கு எங்கே இடம்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, படியில் ஆளை ஏற்றிப் போகவும் கூடாது, படியில் நின்று போகவும் கூடாது என்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டினால் பதினேழு வயசுப் பையன் கேட்க மாட்டான். "உள்ளே இடம் இருக்கும்போதும் தொங்குதியா, இல்லாதப்ப மட்டுமா?" என்று நிதானமாகக் கேளுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. இடம் இருந்தும் தொங்குகிறான் என்றால் கூட்டாளிகளுக்காகத்தான். அவனை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தக் கூட்டாளிகளின் அம்மாக்களைப் பார்த்துப் பேசி, எல்லோரும் ஒரே நாளில் கண்டித்தால்தான் நிற்கும். தலைமை ஆசிரியர் காதிலும் போட்டுவையுங்கள். உண்மையிலேயே இடம் இல்லை என்றால் பத்து இருபது நிமிஷம் முந்தின பஸ்ஸுக்கு அவனைக் கிளப்புங்கள். அதற்காக நீங்கள் சீக்கிரம் எழுந்து சோறு கட்ட வேண்டியிருக்கும், எழுந்துவிடுங்கள் தங்கச்சி.

காலையில் பள்ளி நேரத்துக்கு பஸ்ஸே பத்தவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். அதன் நகலோடு ஒரு திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு நாலைந்து பெற்றோராகப் போங்கள். 'பஸ் விட வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், எந்த நிறுத்தத்தில், எத்தனை மணி பஸ்ஸுக்கு, எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், எத்தனை பேர் படியில் போகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து எழுதுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் வர வேண்டாம். அடுத்த தடவை போய்க் கேட்கும்போது அதிலுள்ள எண்ணைச் சொன்னால்தான் ஃபைலைத் தேடி எடுப்பார்கள்.