அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு தொடங்குவதற்குள் என்னென்ன செய்து முடிக்க வேண்டும்?

மே மாதம் ஏடிஎன் என்ற இரண்டாண்டு நர்சிங் படிப்பில் இடம் உறுதியாகி, ஆகஸ்ட் நடுவில் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது பதினான்கு வாரம். கடிதம் வந்த கையோடு மருந்தியல் புத்தகத்தை வாங்கிப் பிரிக்கத்தான் மனம் போகும். அதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தடுப்பூசிக்கு ஓடுங்கள். பாடத்தை ராப்பகலாகப் படித்து ஈடுகட்டிவிடலாம். ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை யாராலும் சுருக்க முடியாது. ஒரே ஓர் அறிக்கை குறைந்தாலும் மருத்துவமனைப் பயிற்சிக்கு உள்ளே விடமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் கூடுதல் வேலை உண்டு. நம் அரசு அட்டவணையில் நெடுங்காலம் தட்டம்மைக்கு மட்டும்தான் ஊசி இருந்தது. பொன்னுக்குவீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. சிறுவயது அட்டை கிடைத்தாலும் அது இங்கே முழுதாகச் செல்லாது. ஆகவே முதல் வாரமே தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் ரத்தப் பரிசோதனை எடுங்கள். இதைத்தான் இங்கே டைட்டர் என்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பிக்கு ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் வரும் அறிக்கையைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. எண்ணோடு வரும் அறிக்கை கேளுங்கள். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்.

எண் குறைவாக வந்தால்தான் நாள் கணக்கு இறுகும். வழக்கமான ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. மேயில் தொடங்கினால் நவம்பரில்தான் முடியும். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு ஹெப்லிசாவ்-பி என்ற ஊசி ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணை. பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைசித் தவணைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதம் கழித்து மறுபடி டைட்டர். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) இரண்டு தவணைக்கும் நடுவே 28 நாள், சின்னம்மை ஊசிக்கு நான்கு முதல் எட்டு வாரம். இவை இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள்: கர்ப்பமாக இருப்பவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியால். குழந்தையில் பிசிஜி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய்த்தொற்று இல்லாமலேயே தடித்துப் ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும். அதற்கப்புறம் எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று வாரங்கள் ஓடிவிடும். குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது. அதையே எடுக்கலாமா என்று கல்லூரியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வரிசையும் முக்கியம்: காசநோய்ப் பரிசோதனைக்கு ரத்தத்தை எம்எம்ஆர் போடுவதற்கு முன்போ அதே நாளிலோ கொடுத்துவிட வேண்டும். தவறவிட்டால் நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும். உண்மையிலேயே பாசிட்டிவ் வந்தாலும் மனம் உடைய வேண்டாம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்து நோய் அறிகுறி இல்லையென்றால் அது உறங்கும் தொற்று. பிறருக்குப் பரவாது, படிப்புக்கும் பொதுவாகத் தடையாகாது. அதற்குரிய மாத்திரையை எடுத்துக்கொள்வதுதான் உங்கள் உடம்புக்கு நல்லது.

அடுத்தது போதைப்பொருள் சோதனை. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரியாக இருந்தாலும் மருத்துவமனைகள் ஏற்பதில்லை. நம் சமையலில் கவனிக்க வேண்டியது கசகசா. கசகசா அரைத்த குருமா, பாயசம் இவற்றால் மார்ஃபின் இருப்பதாக முடிவு வர வாய்ப்புண்டு. சோதனைக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே கசகசாவை விட்டுவிடுங்கள். அன்று காலை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். சிறுநீர் நீர்த்திருந்தால் மாதிரியை ஏற்காமல் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) சான்றிதழ் என்றால் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் ‘பிஎல்எஸ் ப்ரொவைடர்’ வகுப்பு. பொதுமக்களுக்கான ‘ஹார்ட்சேவர்’ இதற்கு ஆகாது. முழுக்க ஆன்லைனில் முடித்ததும் ஆகாது. பொம்மையின் மார்பை நேரில் அழுத்திக் காட்ட வேண்டும். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். மற்ற கல்லூரிப் படிவங்களை இணையத்தில் ஏற்றும்போது பக்கம் பக்கமாகத் தெளிவாக ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கையொப்பமோ தேதியோ விடுபட்டு நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத எச்-4 விசாக்காரர்கள் பின்னணிச் சோதனைக்கும், படிப்பு முடிந்தபின் உரிமத்துக்கும் என்ன வழி என்று கல்லூரியிடமும் மாநில நர்சிங் போர்டிடமும் இப்போதே எழுதிக் கேளுங்கள். ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாகக் கிடைக்கும் மத்திய அரசு நிதியுதவி கிரீன் கார்டுக்காரர்களுக்கு உண்டு, எச்-4க்குக் கிடையாது.

இனிப் படிப்பு. கோடையில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் நேரம் என்றால் மருந்துக் கணக்கைப் போடுங்கள். பல கல்லூரிகளில் முதல் செமஸ்டரிலேயே இதற்குத் தனித் தேர்வு. 90 விழுக்காடு எடுக்க வேண்டும், சில இடங்களில் நூறும் கேட்பார்கள். நமக்குக் கிலோகிராமும் மில்லியும் பழக்கம். வழுக்குவது பவுண்டில். ஒரு கணக்கு: நோயாளியின் எடை 176 பவுண்டு. கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போகவேண்டும். பையில் 500 மில்லியில் 25,000 யூனிட். 176ஐ 2.2ஆல் வகுத்தால் 80 கிலோ. 80ஐ 18ஆல் பெருக்கினால் மணிக்கு 1,440 யூனிட். பையில் ஒரு மில்லிக்கு 50 யூனிட். ஆக பம்ப்பில் வைக்க வேண்டியது மணிக்கு 28.8 மில்லி. பவுண்டை மாற்ற மறந்தால் 63 தாண்டிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல் ஹெப்பாரின் போனால் நோயாளிக்கு ரத்தம் கசியும். சொட்டுக் கணக்கும் இதே போலத்தான்: 1,000 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 15 சொட்டு விடும் குழாய் என்றால் 15,000ஐ 480 நிமிடத்தால் வகுத்து 31.25, அதாவது நிமிடத்துக்கு 31 சொட்டு. நடுவில் எங்கும் எண்ணை முழுமையாக்காதீர்கள், கடைசியில் மட்டும். எழுதும்போது 0.5 என்று முன்னால் சுழி போடுங்கள், 5.0 என்று பின்னால் போடவே கூடாது. புள்ளி கண்ணில் படாவிட்டால் அது ஐம்பதாகிவிடும். தினம் பத்துக் கணக்கு, ஆறு வாரம் போதும்.

உடற்கூறு, உடலியங்கியலில் எல்லாவற்றையும் திருப்ப வேண்டாம். சிறுநீரகம், இதயத்தில் ரத்தம் போகும் வழி, நீரும் உப்புகளும், அமில-காரச் சமநிலை, இந்த நான்கு மட்டும். சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5, ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45: இவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் சுழற்சியை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். அது புரிந்துவிட்டால் ‘பிரில்’ என்று முடியும் மாத்திரைகள் ஏன் ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன, பொட்டாசியம் ஏன் ஏறுகிறது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

மனப்பாடம் என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இங்கே முதல் தேர்வில் திணறுவது கேள்வியின் வடிவத்தால். கொடுத்த நான்கு விடைகளும் சரியான செயலாகவே இருக்கும். ‘முதலில் எதைச் செய்வீர்கள்’ என்பதுதான் கேள்வி. மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் அளவு 88 என்றால் மருத்துவரை அழைப்பதும் சரிதான். ஆனால் அதற்கு முன் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட வேண்டும். அது இரண்டு நொடி வேலை, அதற்கு யார் உத்தரவும் வேண்டாம். காற்றுவழி, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையில் யோசித்துப் பழகுங்கள். என்க்ளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) பாணிக் கேள்விப் புத்தகம் ஒன்றை வாங்கி, தவறான விடை ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். தேர்ச்சிக்கு 75 அல்லது அதற்கு மேல் கேட்பதே பெரும்பாலும் வழக்கம். 74.9 பெற்றாலும் தோல்விதான், மேலே ஏற்றிப் போடமாட்டார்கள். இரண்டாண்டுப் படிப்பு என்பதால் தரத்தில் சலுகை கிடையாது. நர்சிங் கல்வியாளர் மில்ட்ரெட் மான்டாக் 1951இல் இந்தக் குறுகிய படிப்பை முன்மொழிந்த நாளிலிருந்து கம்யூனிட்டி காலேஜ்கள் வளர்த்து வந்திருக்கும் வழி இது. பிஎஸ்என் நான்காண்டு படித்தவரும் நீங்களும் எழுதப்போவது ஒரே என்க்ளெக்ஸ்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். லிட்மன் கிளாசிக் 3 ஸ்டெதஸ்கோப் தாராளமாகப் போதும், கார்டியாலஜி வகைக்குக் கூடுதல் பணம் போடாதீர்கள். நொடி முள் உள்ள சாதாரண கைக்கடிகாரம், பென்லைட், கறுப்புப் பேனா. பாடப்புத்தகங்களை முதல் வகுப்புவரை வாங்க வேண்டாம். கட்டணத்தோடு புத்தகத்தை இணையத்தில் படிக்கும் வசதி சேர்ந்தே வரும் இடங்கள் உண்டு. தாலிச் சங்கிலி, மூக்குத்தி, வளையல் குறித்து ஓரியன்டேஷனிலேயே கேளுங்கள். தொங்கும் சங்கிலியை மனக்குழப்பத்தில் இருக்கும் நோயாளி பிடித்து இழுத்துவிடுவார் என்பதால்தான் விதி; சட்டைக்குள் இருக்கும்படி குட்டையாக மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

பயிற்சி காலை 6.45க்குத் தொடங்கினால் டே கேர் பெரும்பாலும் அதற்கு முன் திறந்திருக்காது. குழந்தை உள்ளவர்கள் டே கேர் திறக்கும்வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும், அவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவரையும் இப்போதே பேசிவையுங்கள். ஒரு செமஸ்டரில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாலே பயிற்சியில் தோல்வி என்று விதி வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. எந்த மருத்துவமனை என்று தெரிந்ததும் ஒரு வார நாளில் அதே நேரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். மாணவர்கள் வண்டி நிறுத்தும் இடம் வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கலாம்.